நூற்றுப்பதினேழுக்குப் பதில் நூற்றுப்பதினேழு

டயர்காரருக்குத் தன் தங்கை புருஷன் மேல் பதினோரு வருஷக் கோபம். காலையில் பல் விளக்கும்போது ஒரு தடவை, டிப்போ வாசலில் சீட்டைப் பார்த்ததும் ஒரு தடவை, ராத்திரி பாயில் சாயும்போது ஒரு தடவை என்று, வேளை தவறாமல் மருந்து சாப்பிடுகிற மாதிரி கோபப்பட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பஸ் டிப்போவில் யாராவது வேலைக்கு வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் ஒரு சீட்டு அடித்துத் துப்பும். வராதவர் எண் இன்னது, பதில் ஆள் எண் இன்னது என்று இரண்டே வரி. பதில் ஆள் தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு வராதவர் வேலையைப் பார்க்கப் போக வேண்டும். இருநூற்று நாற்பது பேர் வேலை பார்க்கிற இடம் அது. பதினோரு வருஷமாக அந்த இரண்டாவது வரியில் வந்தது ஒரே எண்தான். நூற்றுப்பதினேழு. டயர்காரருடைய எண்.

பிரசவ விடுப்பில் போன கண்டக்டர் அம்மாவுக்குப் பதிலாக ஆறு மாதம் டிக்கெட் கிழித்தார். கேன்டீன் சமையல்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது ஒரு வாரம் சமைத்தார். அந்த வாரம் டிப்போவில் யாரும் வாய் திறந்து பேசவில்லை, திறந்தால் நாக்கில் கிரீஸ் வாசனை வந்தது. ஒரு தடவை ஒரே வண்டிக்கு டிரைவரும் வரவில்லை, கண்டக்டரும் வரவில்லை. இரண்டு சீட்டிலும் இவரே. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்பக்கமாக ஏறி, டிக்கெட் கொடுத்து, விசில் ஊதி, ஓடிப்போய் முன்னால் ஏறித் தன் விசிலுக்குத் தானே வண்டியை எடுத்தார். பயணி ஒருத்தர், "கண்டக்டர் ஏறலையே, விட்டுட்டுப் போறியே!" என்று கூடச் சத்தம் போட்டார்.

உச்சம் என்னவென்றால், மேனேஜருக்குக் காய்ச்சல் வந்த அன்று இவர் மேனேஜர். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் காரியமாகத் தன் லீவுக் கடிதத்தை எடுத்தார். டிப்போ விதிப்படி, லீவு கேட்பவருடைய பதில் ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் லீவு. நூற்றுப்பதினேழுக்குப் பதில் ஆள் யார் என்று சீட்டு அடித்துப் பார்த்தார். நூற்றுப்பதினேழு. அந்த ஆளோ அன்றைக்கு மேனேஜராக இருக்கிறார், வெளியே விட முடியாது. வேறு வழியில்லாமல் தன் லீவைத் தானே நிராகரித்து, முத்திரையும் குத்தினார்.

இத்தனைக்கும் காரணம், அந்தச் சீட்டு அடிக்கிற புரோகிராமை எழுதிய மனுஷன். அவர்தான் தங்கை புருஷன். டயர்காரர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, டிப்போ முழுக்க மேனேஜர் உட்பட எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை ஆகிப்போனார்.

மாப்பிள்ளை முதலில் டிக்கெட் கட்டு அடுக்குகிற குமாஸ்தாவாகத்தான் வந்தார். ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. அந்தக் காலத்தில் டிப்போவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஒரு துணியைப் போர்த்தி, எல்லாரும் அதன் மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்தார்கள். மாப்பிள்ளைதான் துணியை எடுத்தவர். எப்படிக் கற்றார் என்பது தனிக் கதை. பஸ்ஸில் பயணிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களில் தலையணை மொத்தத்துக்கு ஒரு புத்தகம் கிடந்தது. பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக் கொடுக்கிற புத்தகம். வருஷம் ஒன்றாகியும் யாரும் தேடி வரவில்லை. மாப்பிள்ளை எடுத்துப் போய் அகராதியைப் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்தார். நடுவில் முப்பது பக்கம் இல்லை. பள்ளத்தைத் தாண்டுகிறவர் மாதிரி ஒரு எட்டு வைத்துத் தாண்டி மேலே படித்தார். இரண்டு வருஷத்தில் சீட்டு அடிக்கிற புரோகிராம் தயார்.

சரி, அதற்கு ஏன் டயர்காரர் எண்? பழிவாங்கல்தான் என்பது டயர்காரர் கட்சி. கல்யாணத்தன்று நாலு பேர் நடுவில், "இவனுக்கு ஒரு நட்டு கழட்டத் தெரியுமா? இவனை நம்பி என் தங்கச்சியைக் குடுக்கறதா?" என்று கேட்டிருந்தார். மாப்பிள்ளை அன்று சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வருஷம் சீட்டு வர ஆரம்பித்தது. 'குனிஞ்ச தலை வேலை காட்டுது' என்று டயர்காரர் முடிவு கட்டினார். ஆனால் வாய் திறந்து கேட்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று பதினோரு வருஷம் கேட்கவே இல்லை. விசேஷங்களில் பார்த்தால், "என்ன மாப்ளே, சௌக்கியமா?" அவ்வளவுதான்.

இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை. டயர்காரர் பெண்சாதிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் தேதி இரண்டு தடவை குறித்து இரண்டு தடவையும் இவருக்கு லீவு கிடைக்காமல் தள்ளிப்போயிற்று. மூன்றாவது தேதி வியாழக்கிழமை. இனித் தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பெண்சாதியோ ஒரே பிடி.

"நீங்க பக்கத்துல இருந்தாத்தான் படுப்பேன். இல்லேன்னா கல்லோடயே இருந்துட்டுப் போறேன். உங்களோட இருபது வருஷம் இருந்துட்டேன், இந்தக் கல்லோட இருக்க மாட்டேனா?"

புதன்கிழமை மதியம் டயர்காரர் மேனேஜர் முன்னால் போய் நின்றார். மேனேஜர் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"இதோ பாருங்க. வராதவர் நூத்திப்பதினேழு. பதில் ஆள் நூத்திப்பதினேழு. பதில் ஆள் தயாரா இருக்காரு, அதனால நீங்க போகலாம். ஆனா நீங்க போனா பதில் ஆளும் போயிடுவாரு. அதனால போக முடியாது."

"சார், இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. பதினோரு வருஷமா ஒரு வண்டி நிக்கலையே."

"என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் சார்."

மேனேஜர் முகம் கொஞ்சம் இளகியது. "கம்ப்யூட்டர்ல சீட்டு மாறி வந்தா நான் ஏன் மறுக்கப் போறேன்? ஆனா மாத்தறதுக்கு மாப்பிள்ளை இல்லையே. அவரு கையை உடைச்சுக்கிட்டுக் கிடக்காரு."

அது நிஜம். மாப்பிள்ளை போன வாரம் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டார். ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்தாலாவது ஒரு மரியாதை. நின்ற பஸ்ஸிலிருந்து, கீழே விழுந்த பேனாவை எட்டி எடுக்கப் போய் விழுந்து, இரண்டு கையும் முழங்கை வரை மாவுக்கட்டு. அவருக்குப் பதில் ஆள் சீட்டும் வந்திருந்தது. அதில் யார் எண் என்று சொல்லத் தேவையில்லை. போன திங்கள்கிழமையிலிருந்து, சட்டப்படி, டிப்போவின் கம்ப்யூட்டர்காரர் நம்ம டயர்காரர்தான். கம்ப்யூட்டர் அறைக்குப் போய் தினமும் தூசி தட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார்.

அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை நாற்காலியில் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, பெரிய பொட்டலம் எதையோ வாங்கிக்கொள்ளப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பு மாப்ளே."

"எங்க மச்சான்?"

"டிப்போவுக்கு. நீ வாயால சொல்லு, நான் கையால அடிக்கறேன். பதினோரு வருஷமா நீ வாங்கின பழி போதும். இன்னிக்கு அந்த நூத்திப்பதினேழை எடுக்கற."

மாப்பிள்ளை விழித்தார். "பழியா? நீங்களே ஆசைப்பட்டு மேனேஜர்கிட்டக் கேட்டு வாங்கிக்கறீங்கன்னுல்ல நினைச்சேன்? மச்சானுக்கு எல்லா வேலையும் தெரியும்னு இவகிட்டப் பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"ஆமாண்ணே," என்றாள் தங்கை. "நீ கேன்டீன்ல சமைச்சப்பக்கூடச் சொன்னாரு. நான்தான் நம்பலை. உனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாதே."

டயர்காரர் பதினோரு வருஷக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல், சுமை தூக்குகிறவர் மாதிரி நின்றார். "பேசினது போதும், கிளம்பு" என்றார்.

வாசல் காவலாளி மாப்பிள்ளை உள்ளே வருவதைப் பார்த்ததும் வழக்கம்போல அறுபத்துநாலாம் எண்ணுக்கு நேராக 'வந்தார்' என்று தட்டிவிட்டார். கம்ப்யூட்டர் அறை முன்னொரு காலத்தில் பேட்டரி வைக்கிற அறை. இன்னமும் ஆசிட் நெடி அடிக்கும். டயர்காரர் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார். விரல் ஒவ்வொன்றும் ஸ்பேனர் மொத்தம். ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று எழுத்து விழுந்தது.

"மெதுவா மச்சான். அது வீல் நட்டு இல்ல."

"நீ சொல்றதைச் சொல்லு."

மாப்பிள்ளை சொன்னார். முதலில் புரோகிராம் ஒரே நீள ஃபைலாகத்தான் இருந்தது. தலைமை ஆபீசிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒருத்தர் அதைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்து, விரல் வலிக்கிறது, இரண்டாக வெட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். இவரும் வெட்டினார். மேல் பாதி ஸ்கிரிப்ட். அது யாரைப் பதில் ஆளாகப் போடலாம் என்று கணக்குப் பார்த்து, 'ஆள்' என்ற பெயருள்ள இடத்தில் எண்ணை வைக்கும். கீழ்ப் பாதி மாட்யூல், பெயர் 'பதில்'. அது அந்த 'ஆள்' என்ற இடத்தில் இருக்கிற எண்ணை எடுத்துச் சீட்டில் அடிக்கும். வெட்டிய அன்றைக்கு மாட்யூல் தனியாக ஓடுகிறதா என்று பார்க்க, அதன் தலையில் 'ஆள்' என்று எழுதி ஒரு எண்ணைப் போட்டு வைத்தார்.

"அப்ப எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச எண் ஒண்ணே ஒண்ணுதான் மச்சான். உங்க சாப்பாட்டுத் தூக்குல எழுதியிருக்கும்ல? இவ உங்களுக்குக் குடுத்து விடறப்ப தினம் நான்தான் தூக்கிட்டு வருவேன். ஆனா ஸ்கிரிப்ட் ஓடறப்ப அது புது எண்ணை வச்சிடுமே, பழசு போயிடணுமே!"

"போகலையே!"

"அதான் ஏன்னு பார்க்கணும்."

ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தார்கள்: ஆள் என்ற இடத்தில் என்ன இருக்கிறது, காட்டு. மாட்யூலிலும் அதே வரி. முந்தின நாள் வருகைக் கணக்கை வைத்து ஓட்டினார்கள். ஸ்கிரிப்ட் 'இருநூற்றுப்பன்னிரண்டு' என்றது. அடுத்த நொடி மாட்யூல் 'நூற்றுப்பதினேழு' என்றது.

"ஒரே பேரு, ஒரே நேரம். அவன் ஒண்ணு சொல்றான், இவன் ஒண்ணு சொல்றான்," என்றார் மாப்பிள்ளை.

"உன் பொண்டாட்டியும் என் பொண்டாட்டியும் மாதிரி."

"அண்ணே!" என்று, கூடவே வந்திருந்த தங்கையின் குரல் வாசலிலிருந்து வந்தது.

மாட்யூல் தலையிலிருந்த நூற்றுப்பதினேழை அழித்து ஓட்டினார்கள். சீட்டில் பதில் ஆள் என்று இருந்தது, அதற்கு எதிரே வெறும் வெள்ளை. அதைப் பார்க்க வந்த மேனேஜர் பதறிவிட்டார். "ஆளே இல்லையா? அப்ப டிப்போவை மூடிடலாமா?" என்று கத்த, மறுபடி நூற்றுப்பதினேழைப் போட்டார்கள். மணி மூன்று. ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்குப் படுக்கை. ஐந்து மணிக்கு மேனேஜர் கிளம்பிவிடுவார், லீவுக் கடிதம் மேசைக்குள் போய்விடும்.

"புஸ்தகத்துல இதைப் பத்தி இருக்கணும்," என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு ஃபைலுக்கு நடுவுல பேரு எப்படிப் போய் வரும்னு. அந்த முப்பது பக்கத்துலதான் இருந்திருக்கணும். எந்தப் பாவி கிழிச்சானோ, கை விளங்காமப் போக!"

டயர்காரர் கை கீபோர்டில் அப்படியே நின்றது. அப்போதெல்லாம் பயணிகள் விட்டுப் போன சாமான்களை டயர் கொட்டகையில்தான் போட்டு வைப்பார்கள். கை துடைக்கக் கந்தல் இல்லாத ஒரு மழைக்காலத்தில் அவர் ஒரு தடித்த புத்தகத்தின் நடுவிலிருந்து, நல்ல வழவழப்பான தாள், கிரீஸை நன்றாக உறிஞ்சும் என்று... அவர் மாப்பிள்ளையின் இரண்டு மாவுக்கட்டையும் பார்த்தார். தன் இரண்டு கையையும் பார்த்தார்.

"என்ன மச்சான் யோசனை?"

"ஒண்ணுமில்ல. சாபமெல்லாம் விடாத. கிழிச்சவன் கஷ்டம் என்னவோ."

அதன் பிறகு அவர், மாப்பிள்ளை சொன்னதையெல்லாம் தட்டாமல் அடித்தார். அடித்துக்கொண்டே யோசித்தார். குற்றமுள்ள நெஞ்சுக்கு மூளை கொஞ்சம் வேகமாக ஓடும் போல.

"மாப்ளே, நம்ம டிப்போவுல மூணாம் நம்பர் ஜாக்கி இருக்கு. பக்கத்து டிப்போவுலயும் மூணாம் நம்பர் ஜாக்கி இருக்கு. நான் இங்க நம்ம ஜாக்கியைத் திருகினா அங்க நிக்கற வண்டி மேல ஏறுமா?"

"ஏறாது."

"அங்க இருக்கறதை ஏத்தணும்னா போன்ல என்ன சொல்வேன்? மூணாம் நம்பர்னு மொட்டையாச் சொல்வேனா? அந்த டிப்போவோட மூணாம் நம்பர்னு டிப்போ பேரைச் சேர்த்துச் சொல்வேனா?"

மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். பிறகு எழுந்து, மாவுக்கட்டுக் கையால் அலமாரியைத் தள்ளித் தள்ளிப் புத்தகத்தைக் கீழே விழ வைத்தார். தங்கை எடுத்துப் பிரித்தாள். கிழிந்த பள்ளத்துக்கு அடுத்த பக்கம், ஒரு உதாரணத்தின் வாலோடு தொடங்கியது. ஒரு பெயர், அதன் பின்னால் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி, மறுபடி இரண்டு புள்ளி, பிறகு இன்னொரு பெயர்.

"பதிமூணு வருஷமா இதைப் பூச்சி எச்சம்னு நினைச்சுட்டிருந்தேன்," என்றார் மாப்பிள்ளை. "டிப்போ பேரு, நாலு புள்ளி, ஜாக்கி பேரு! அடிங்க மச்சான். ஸ்கிரிப்ட்ல வெறும் ஆள்னு இருக்கற இடத்துல எல்லாம், பதில், நாலு புள்ளி, ஆள்."

அடித்தார். ஓட்டினார்கள். நூற்றுப்பதினேழு.

டயர்காரர் சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தார். மாப்பிள்ளை திரையோடு மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார்.

"மச்சான், மாட்யூல் பேரு இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல ஆரம்பிக்குது. நீங்க சின்ன எழுத்து அடிச்சிருக்கீங்க."

"அதனால என்ன? தப்புன்னா அது சொல்லாதா?"

"சொல்லாது. அப்படி ஒரு டிப்போ இருக்குன்னு நம்பி, அங்க ஒரு ஜாக்கியையும் கொண்டு போய் வச்சுட்டு, சாதுவா உக்காந்திருக்கும்."

"இல்லாத டிப்போவுக்கா?"

"இல்லாத டிப்போவுக்குத்தான்."

"நம்ம மேனேஜரே தேவலை," என்று டயர்காரர் எழுத்தைத் திருத்தினார். பிறகு தன் லீவை அதில் போட்டு, நுனி விரலால், குழந்தையைத் தொடுகிற மாதிரி, ஓட்டும் பொத்தானைத் தொட்டார். பிரின்டர் முனகியது. சீட்டு வந்தது. வராதவர்: நூற்றுப்பதினேழு. பதில் ஆள்: அறுபத்துநாலு.

"அறுபத்துநாலு யாரு?" என்றாள் தங்கை.

"நான்தான்," என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு வந்திருக்கிறவர்களில் யாருக்கு வேலை மிகக் குறைவோ அவரைத்தான் ஸ்கிரிப்ட் தேடிப் பிடிக்கும். அவர் எழுதிய விதி. இரண்டு கையும் கட்டிக் கிடக்கிற ஆளைவிட வேலை குறைந்தவர் யார் இருக்கிறார்கள்? "பதினோரு வருஷத்துல முதல் தடவை சரியா ஓடியிருக்கு மச்சான்!" அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

மேனேஜர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. பதில் ஆள் கையெழுத்துப் போடட்டும்."

எல்லாரும் மாவுக்கட்டைப் பார்த்தார்கள்.

"கையெழுத்து இல்லேன்னா லீவு செல்லாது," என்றார் மேனேஜர். "நான் சொல்லலை, விதி சொல்லுது."

தங்கை அதுவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். மேசை மேலிருந்த முத்திரை மைப்பெட்டியைத் திறந்து தரையில் வைத்தாள். புருஷனைப் பார்த்து, "செருப்பைக் கழட்டுங்க" என்றாள். அவர் கழற்றினார். வலது கால் கட்டைவிரலை மையில் அழுத்தி, லீவுக் கடிதத்தின் மேல் ஒரே அமுக்கு. வாதுமைக் கொட்டை அளவுக்கு ஒரு ரேகை பதிந்தது.

மேனேஜர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கை ரேகை பற்றி இருந்தது. கால் ரேகை கூடாது என்று எங்கேயும் இல்லை. ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. டிப்போ வாசலில் வாடகைக் காரில் டயர்காரர் பெண்சாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டயர்காரர் கொட்டகைக்குள் போனார். மாப்பிள்ளை நான்கு டயரை அடுக்கி அதன் மேல் உட்கார்ந்திருந்தார். யார் தூக்கிவிட்டார்களோ. காற்றுக் குறைந்த டயரைக் காலால் உதைத்து, சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று முந்தைய நாள் டயர்காரர் சொன்னதை நம்பி, காலையிலிருந்து எட்டு டயரை உதைத்திருந்தார். எட்டும் நல்ல டயர். கால் வீங்கியிருந்தது.

"போய்ட்டு வரேன் மாப்ளே. அந்தப் புஸ்தகம் இருக்குல்ல..." என்று டயர்காரர் ஆரம்பித்தார். முப்பது பக்கத்தைப் பற்றி எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தார்.

வாசலில் கார் ஹார்ன் அடித்தது.

"அதெல்லாம் வந்து பேசிக்கலாம். அக்காவைக் காக்க வைக்காதீங்க, போங்க," என்றார் மாப்பிள்ளை. டயர்காரர் நாலு எட்டு நடந்திருப்பார்.

"மச்சான், மச்சான், ஒரு நிமிஷம். மூக்கு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விட்டுட்டுப் போங்க. நுனியில இல்ல, கொஞ்சம் மேல."